எபாக் நொடிகளை நேரமாக மாற்றும்போது 19800 ஏன் கூட்டக் கூடாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஆர்டர்களுக்கான டேபிள் ஒன்று இருக்கிறது. ஆர்டர் பதிவான நேரம் அதில் பிக்இன்ட் (பெரிய முழு எண்) வகை நெடுவரிசையில் 1700000000 போன்ற பத்து இலக்க எண்ணாக இருக்கிறது. அந்த எண்ணை நேரமாக மாற்றும் டு_டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷனைப் போட்டால் உங்கள் லேப்டாப்பில் சரியான நேரம் வருகிறது. சர்வரில் ஐந்தரை மணி நேரம் குறைவாக வருகிறது. எண்ணோடு 19800 (ஐந்தரை மணி நேரத்துக்கான நொடிகள்) கூட்டிய பிறகு சர்வரிலும் சரியாகத் தெரிகிறது. இதை இப்படியே விட்டுவிடலாமா, அல்லது அந்த நெடுவரிசையையே டைம்ஸ்டாம்ப் வகைக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மாற்றித் தரும் ஃபங்ஷன் எது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரே எண் இரண்டு இடங்களில் இரண்டு நேரமாகத் தெரிந்தால் எதை நம்புவது என்பதைத்தான். லேப்டாப்பும் சர்வரும் முதலில் காட்டிய இரண்டு விடைகளுமே சரியானவை. 19800 கூட்டிய பிறகு வந்த விடைதான் தவறு. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளாகத் தரவுத்தளப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு, மிக அதிகமாகத் திருத்த நேர்ந்த பிழைகளில் இதுவும் ஒன்று.

எபாக் எண் என்பது 1970 ஜனவரி 1 அன்று, யூடிசி என்னும் உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 00:00:00 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. அந்தத் தொடக்கப் புள்ளி உலகம் முழுவதற்கும் ஒன்றே. சென்னையில் இருப்பவருக்கு ஒரு தொடக்கம், லண்டனில் இருப்பவருக்கு ஒரு தொடக்கம் என்று இல்லை. 1700000000 என்ற எண் ஒரு கணத்தைக் குறிக்கிறது. அந்தக் கணத்தில் யூடிசி கடிகாரம் 2023 நவம்பர் 14, இரவு 22:13:20 என்று காட்டியது, இந்தியாவில் உள்ள கடிகாரங்கள் நவம்பர் 15, அதிகாலை 03:43:20 என்று காட்டின. நாளே மாறியிருக்கிறது, ஆனால் கணம் ஒன்றுதான். எண்ணுக்குள் எந்த நேர வலயமும் ஒளிந்திருக்கவில்லை. மனிதர்கள் படிப்பதற்காக அதை ஆண்டு, மாதம், நாள், மணி என்று பிரித்து எழுதும் கடைசிப் படியில்தான் நேர வலயம் என்ற ஒன்றே நுழைகிறது.

இங்கே ஒரு சிறு விலக்கையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் முறை ஒவ்வொரு நாளுக்கும் சரியாக 86400 நொடிகள் என்றே கணக்கு வைக்கிறது. 1972 முதல் 2016 டிசம்பர் 31 வரை பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட 27 லீப் நொடிகளை அது எண்ணுவதில்லை. ஆகவே லீப் நொடியையும் அதற்கடுத்த நொடியையும் ஒரே எண் குறிக்கும். ஆர்டர், பில், வருகைப் பதிவு போன்ற வேலைகளுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. நுண்ணிய அறிவியல் அளவீடுகளில் மட்டும் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

இப்போது உங்கள் லேப்டாப்புக்கும் சர்வருக்கும் வருவோம். போஸ்ட்கிரஸின் டு_டைம்ஸ்டாம்ப், ஒற்றை எண்ணைப் பெறும்போது, டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன் என்ற வகையில் மதிப்பைத் திருப்பித் தருகிறது. நேர வலயமும் சேர்த்துச் சேமிக்கப்படுகிறது என்று பெயரைப் பார்த்துப் பலரும் எண்ணுகிறார்கள்; அப்படி எதுவும் சேமிக்கப்படுவதில்லை. உள்ளே இருப்பது எட்டு பைட் அளவுள்ள ஓர் எண் மட்டுமே, அதுவும் யூடிசி கணக்கில். திரையில் காட்டும் நேரத்தில், அந்த இணைப்பின் டைம்சோன் அமைப்பு என்னவோ அதற்கேற்ப அதை மாற்றி எழுதுகிறது. யூடிசியில் இருக்கும் இணைப்பில் செலக்ட் டு_டைம்ஸ்டாம்ப்(1700000000) என்று கேட்டால் 2023-11-14 22:13:20+00 என்று வரும். செட் டைம்சோன் = 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுத்துவிட்டு அதையே மறுபடி கேட்டால் 2023-11-15 03:43:20+05:30 என்று வரும். கடைசியில் ஒட்டியிருக்கும் +00, +05:30 ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே கணத்தைச் சொல்வது தெரியும். பெரும்பாலான கருவிகளும் ரிப்போர்ட்டுகளும் அந்த வாலை வெட்டிவிட்டுக் காட்டுவதால்தான் குழப்பமே தொடங்குகிறது.

ஒரே சர்வருடன் இணைந்தாலும் இரண்டு கருவிகள் இரண்டு நேரம் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜாவாவுக்கான போஸ்ட்கிரஸ் டிரைவர், இணைப்பை ஏற்படுத்தும்போதே ஜாவா இயங்கும் கணினியின் நேர வலயத்தை அந்த இணைப்புக்கு அமைத்துவிடுகிறது. ஆகவே டிபீவர் போன்ற ஜாவாவில் எழுதப்பட்ட கருவியை உங்கள் லேப்டாப்பில் திறந்தால் இந்திய நேரம் தெரியும். அதே சர்வருக்குள் நுழைந்து, போஸ்ட்கிரஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்-இல் பார்த்தால் சர்வரின் அமைப்பு என்னவோ அது தெரியும், கிளவுட் சர்வர்களில் அது பெரும்பாலும் யூடிசி. உங்களுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ள இரண்டு இடங்களிலும் ஷோ டைம்சோன் என்று கேட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

19800 கூட்டும்போது என்ன நடக்கிறது? 1700000000 என்ற கணத்தை விட்டுவிட்டு, ஐந்தரை மணி நேரம் கழித்து வரும் 1700019800 என்ற வேறொரு கணத்தைக் கேட்கிறீர்கள். யூடிசி இணைப்பில் அது 2023-11-15 03:43:20+00 என்று தெரியும். இலக்கங்கள் நீங்கள் எதிர்பார்த்தபடி இருக்கின்றன, ஆனால் வால் பொய் சொல்கிறது: யூடிசியில் 03:43 என்றால் இந்தியாவில் காலை 09:13. இந்த மதிப்பை அப்படியே ஒரு ஏபிஐ வழியாக மொபைல் செயலிக்கு அனுப்பினால், செயலி தன் கடமையைச் சரியாகச் செய்து, அதை இந்திய நேரத்துக்கு மாற்றி 09:13 என்று காட்டும். உடனே அங்கே ஒருவர் 19800 கழிப்பார். இன்னொருவர் அதே குவெரியைத் தன் லேப்டாப்பில் ஓட்டி, கூடுதலாக ஐந்தரை மணி நேரம் வந்திருப்பதைப் பார்த்து வேறொரு திருத்தம் போடுவார். ஓர் இடத்தில் கூட்டியும் இன்னோர் இடத்தில் கழித்தும் நடக்கும் இந்த வகை அமைப்புகளில், எந்த எண் உண்மை என்பதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாமல் போவதை நான் கண்டிருக்கிறேன். எண்ணை மாற்றுவது வேறு, காட்டும் விதத்தை மாற்றுவது வேறு. உங்களுக்குத் தேவை இரண்டாவது.

இந்தியாவுக்கு எப்போதும் ஐந்தரை மணி நேரம்தானே, நிலையான எண்ணைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். 1970க்குப் பிந்தைய இந்தியத் தேதிகளுக்கு அந்த வேறுபாடு மாறியதே இல்லை என்பது உண்மை. ஆனால் பக்கத்து நாடான இலங்கையிலேயே அது மாறியிருக்கிறது: 1996 மே மாதத்தில் யூடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னதாக வைத்தார்கள், அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணி நேரமாகக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தார்கள். கொழும்பில் 2003ஆம் ஆண்டு பதிவான ஒரு எபாக் எண்ணோடு 19800 கூட்டினால் அன்றைய உள்ளூர்க் கடிகாரத்திலிருந்து அரை மணி நேரம் பிசகும். சிங்கப்பூர் 1982 தொடங்கும் வரை ஏழரை மணி நேர வேறுபாட்டில் இருந்தது. லண்டனில் 1968 முதல் 1971 வரை ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வைத்திருந்ததால், எபாக் பூச்சியம் என்ற கணத்தில் அங்கே கடிகாரம் நள்ளிரவு ஒரு மணியைக் காட்டியது. இந்த வரலாறு முழுவதும் நேர வலயத் தரவுத்தொகுப்பில் ஊர்ப் பெயர் வாரியாகப் பதிவாகியிருக்கிறது. 'ஏசியா/கொழும்பு' என்று பெயரைக் கொடுத்தால் அந்தந்த ஆண்டுக்குரிய வேறுபாட்டைத் தரவுத்தளமே எடுத்துக்கொள்ளும். கையால் கூட்டும் எண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது, டு_டைம்ஸ்டாம்ப்(எண்) அட் டைம் சோன் 'ஏசியா/கொல்கத்தா' என்பதுதான். இதை எந்த இணைப்பிலிருந்து ஓட்டினாலும், லேப்டாப் ஆனாலும் சர்வர் ஆனாலும், 2023-11-15 03:43:20 என்ற ஒரே விடை வரும். இந்த அட் டைம் சோன் தொடருக்கு ஒரு குணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பயன்படுத்தினால் வேறு பள்ளத்தில் விழ நேரும். வித் டைம் சோன் வகை மதிப்பின் மீது போட்டால், அந்தக் கணத்தில் அந்த ஊர்க் கடிகாரம் என்ன காட்டியது என்பதை வலயமில்லாத மதிப்பாகத் தரும். வித்தவுட் டைம் சோன் வகை மதிப்பின் மீது போட்டால் நேர் எதிராக வேலை செய்யும்: இந்தக் கடிகார நேரம் அந்த ஊருக்குரியது என்று எடுத்துக்கொண்டு, அது எந்தக் கணம் என்பதைத் தரும். ஒரே சொற்கள், எதிரெதிர் திசைகள். உள்ளே போகும் மதிப்பு எந்த வகை என்று தெரியாமல் இதை எழுதவே கூடாது.

வலயத்தின் பெயரை எப்படி எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். 'ஐஎஸ்டி' என்று மூன்றெழுத்தில் சுருக்கி எழுதாதீர்கள்; போஸ்ட்கிரஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் அது இஸ்ரேல் நேரம், அதாவது யூடிசியைவிட இரண்டு மணி நேரம் மட்டுமே முன்னது. 'யூடிசி+5:30' என்றோ '+05:30' என்றோ அட் டைம் சோனுக்குப் பின் எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: அந்த இடத்தில் போஸ்ட்கிரஸ், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் மரபைப் பின்பற்றுகிறது, அந்த மரபில் கூட்டல் குறி கிரீன்விச்சுக்கு மேற்கே என்று பொருள். விடை பதினொரு மணி நேரம் பிசகிவிடும். ஆனால் '2024-01-01 00:00:00+05:30' என்று ஒரு தேதியோடு ஒட்டி எழுதும்போது அதே குறி கிழக்கைக் குறிக்கும். ஊர்ப் பெயரையே முழுதாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் எழாது.

திரும்பும் பாதையிலும், அதாவது நேரத்தை எபாக் எண்ணாக மாற்றும்போதும், இதே இரு வகைகளின் வேறுபாடு வந்து நிற்கும். எக்ஸ்ட்ராக்ட்(எபாக் ஃப்ரம் ...) என்பதற்கு வித் டைம் சோன் மதிப்பைக் கொடுத்தால் சரியான எண் கிடைக்கும். மேலே கிடைத்த, வலயம் நீங்கிய 2023-11-15 03:43:20 என்ற மதிப்பைக் கொடுத்தால், அதை யூடிசி நேரம் போலவே பாவித்து 1700019800 என்று தரும். நீங்கள் தொடங்கிய 1700000000 அல்ல இது. நடுவில் சரியாக 19800 முளைத்திருக்கிறது. ஒரு டேபிளில் உள்ள எண்களை நேரமாக மாற்றி, இன்னொரு டேபிளுக்கு எண்ணாகத் திருப்பி எழுதும் நள்ளிரவு வேலைகளில் இந்தப் பிழை சத்தமில்லாமல் புகும். மாற்றி, மறுபடி திருப்பி, தொடங்கிய எண்ணே வருகிறதா என்று ஒரே ஒரு வரிசையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இதுவரை சொன்னவை ஐயத்துக்கு இடமில்லாதவை. உங்கள் தரவைப் பற்றி இனிச் சொல்பவற்றில் சில, நீங்களே சரிபார்க்க வேண்டியவை. எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவு சொல்ல முடியாது. முதலாவது, எல்லா எண்களும் நொடிகள்தானா என்பது. 2001 செப்டம்பர் முதல் 2286 வரை நொடிக் கணக்கு பத்து இலக்கங்களில் இருக்கும். மில்லிநொடி என்றால் இன்றைய தேதிகளுக்குப் பதின்மூன்று இலக்கங்கள், மைக்ரோநொடி என்றால் பதினாறு. ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் இயல்பாக மில்லிநொடியில் தருவதால், இணையதளத்திலிருந்து வந்த ஆர்டர்கள் ஒரு வகையாகவும் பின்னணி வேலைகள் எழுதியவை வேறு வகையாகவும் ஒரே நெடுவரிசையில் கலந்திருப்பது அபூர்வமே அல்ல. மில்லிநொடியை நொடி என்று எண்ணி மாற்றினால், போஸ்ட்கிரஸ் எந்தப் பிழையும் சொல்லாமல் 55000ஆம் ஆண்டுக்கு அப்பால் உள்ள ஒரு தேதியைத் தந்துவிடும். நொடியை மில்லிநொடி என்று எண்ணி ஆயிரத்தால் வகுத்தால் எல்லா ஆர்டர்களும் 1970 ஜனவரியில் குவியும். 1700000000 அப்போது ஜனவரி 20 ஆகிவிடும். ஆகவே அந்த நெடுவரிசையின் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் முதலில் எடுத்துப் பாருங்கள். கலப்பு இருந்தால், 100000000000க்கு மேற்பட்ட எண்ணை மட்டும் ஆயிரத்தால் வகுக்கும் ஒரு கேஸ் கூற்று போதும்: நொடியாக எடுத்தால் அது 5138ஆம் ஆண்டு, மில்லிநொடியாக எடுத்தால் 1973, உங்கள் வணிகத்தின் ஆர்டர்கள் இரண்டு பக்கமும் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. வகுக்கும்போது 1000 என்று எழுதாமல் 1000.0 என்று எழுதுங்கள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் நொடியின் பின்னப் பகுதி அப்படியே உதிர்ந்துவிடும். பூச்சியமாக இருக்கும் வரிசைகளையும் எண்ணிப் பாருங்கள். நேரம் தெரியாதபோது பூச்சியத்தை எழுதும் பழக்கம் பல பழைய நிரல்களில் உண்டு. அவை நல் (மதிப்பு இல்லை என்பதன் குறி) ஆக வேண்டியவை, 1970 ஆர்டர்கள் அல்ல.

இரண்டாவது ஐயம் இதைவிட நுட்பமானது: எண்ணை எழுதிய நிரலே ஏற்கெனவே 19800ஐக் கூட்டி எழுதியிருக்குமோ என்பது. இந்திய நேரத்தை வலயமில்லாமல் எடுத்து, அதை எபாக் எண்ணாக மாற்றி எழுதிய நிரல்கள் நிறைய இருக்கின்றன. லேப்டாப்பில் சரியான நேரம் வருகிறது என்று நீங்கள் சொல்வதால் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் பழைய வரிசைகளுக்கும் அதே உறுதியைத் தர முடியாது. இதைக் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் வழி, மாதம் வாரியாக, இந்திய நேரத்தின் இருபத்துநான்கு மணிகளில் எந்த மணியில் எத்தனை ஆர்டர் என்று எண்ணிப் பார்ப்பது. மக்கள் தூங்கும் பின்னிரவு மூன்று, நான்கு மணி வாக்கில் ஒரு பள்ளம் தெரிய வேண்டும். ஏதோ ஒரு மாதம் வரை அந்தப் பள்ளம் காலை எட்டரை, ஒன்பதரை வாக்கில் இருந்து, அதற்குப் பிறகு இரவுக்கு நகர்ந்திருந்தால், அந்த மாதத்துக்கு முந்தைய எண்கள் கூட்டி எழுதப்பட்டவை என்று சந்தேகிக்கலாம். இது வலுவான அறிகுறியே தவிர நிரூபணம் ஆகாது. நிரூபணம் வேண்டுமானால், அந்தக் காலத்து ஆர்டர்கள் சிலவற்றைப் பணம் செலுத்திய ரசீதிலோ வங்கிக் குறுஞ்செய்தியிலோ உள்ள நேரத்தோடு ஒப்பிட வேண்டும். இந்தச் சோதனையை முடிக்காமல் நெடுவரிசையின் வகையை மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு பிழையான மதிப்பும் சரியான மதிப்பும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

ரிப்போர்ட்டுகளில்தான் இந்தப் பிசகு பணமாக மாறுகிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். யூடிசி இணைப்பில் நாள் வாரியாகக் கூட்டினால், இந்திய நேரம் நள்ளிரவு முதல் காலை ஐந்தரைக்கு முன் வரை பதிவான எல்லா ஆர்டர்களும் முந்தைய நாளில் சேர்ந்துவிடும். ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்கு வந்த ஆர்டர் மார்ச் 31இல் விழும், அதாவது முந்தைய நிதியாண்டில். கணக்காளருக்கு இது சிறு விஷயம் அல்ல. ஆகவே நாளாகச் சுருக்கும் முன்பே அட் டைம் சோன் 'ஏசியா/கொல்கத்தா' போட்டுவிட வேண்டும். சுருக்கிய பிறகு போட்டுப் பயனில்லை. அதே நேரம், ஒரு நாளின் ஆர்டர்களைத் தேடும்போது, குவெரியில் நிபந்தனை எழுதும் 'வேர்' பகுதியில் நெடுவரிசையைச் சுற்றி டு_டைம்ஸ்டாம்ப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் எண் நெடுவரிசையின் மீதுள்ள, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் பயன்படாது. முழு டேபிளும் வாசிக்கப்படும். எல்லைகளை எண்ணாக மாற்றுவதே முறை. 2024 ஜனவரி 1 என்ற இந்திய நாள் வேண்டுமானால், 1704047400க்குச் சமமாகவோ கூடுதலாகவோ, அதோடு 1704133800க்குக் குறைவாகவும் இருக்கும் எண்கள் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டையும் கையால் கணக்கிடத் தேவையில்லை, '2024-01-01 00:00:00+05:30' என்ற வித் டைம் சோன் மதிப்பின் மீது எக்ஸ்ட்ராக்ட்(எபாக்) போட்டால் முதல் எண் வந்துவிடும், அதை பிக்இன்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மாற்றம் முக்கியம், ஏனெனில் எக்ஸ்ட்ராக்ட் 14ஆம் பதிப்பு முதல் நியூமெரிக் வகையையும் அதற்கு முன் டபுள் வகையையும் தருகிறது. வகை பொருந்தாவிட்டால் இண்டெக்ஸ் மறுபடி கைநழுவும். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையைப் போட்டு இண்டெக்ஸ் ஸ்கேன் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மேல் எல்லையை 23:59:59 என்று எழுதாமல், அடுத்த நாளின் தொடக்கத்துக்குக் குறைவாக என்று எழுதுவது எப்போதும் பாதுகாப்பானது.

பிற தரவுத்தளங்களைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மைஎஸ்கியூஎல்-இல் ஃப்ரம்_யூனிக்ஸ்டைம் இதே வேலையைச் செய்யும். அதுவும் இணைப்பின் நேர வலயத்தில்தான் விடை தரும். அங்கே கன்வர்ட்_டிஇசட் ஃபங்ஷனில் ஊர்ப் பெயரைக் கொடுக்கும்போது நல் வந்தால், நேர வலய டேபிள்கள் சர்வரில் ஏற்றப்படவில்லை என்று பொருள். '+05:30' என்ற வடிவம் ஏற்றாமலேயே வேலை செய்யும், போஸ்ட்கிரஸைப் போல் அல்லாமல் அங்கே அது கிழக்கையே குறிக்கும். மைஎஸ்கியூஎல்-இன் டைம்ஸ்டாம்ப் வகை யூடிசி 2038 ஜனவரி 19, 03:14:07 என்பதைத் தாண்டிச் சேமிக்காது. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 2147483647 முடியும் இடம் அது. 8.0.28 பதிப்பில் ஃப்ரம்_யூனிக்ஸ்டைமின் எல்லை 64 பிட் கணினிகளில் 3001 வரை விரிவாக்கப்பட்டது, ஆனால் டைம்ஸ்டாம்ப் வகையின் எல்லை விரியவில்லை. மைஎஸ்கியூஎல்-இலிருந்து கிளைத்த மரியாடிபி, 11.5 பதிப்பு முதல் அந்த எல்லையை 2106 வரை நீட்டியிருக்கிறது. இருபது ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதி இப்போதே 2038ஐத் தாண்டிவிடுகிறது என்பதால் இது வருங்காலத்துக்கான கவலை அல்ல. எஸ்கியூலைட்டில் டேட்டைம் ஃபங்ஷனுக்கு எண்ணோடு 'யூனிக்ஸ்எபாக்' என்ற சொல்லையும் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் எண்ணை ஜூலியன் நாளாக (நொடிகளாக அல்ல, நாட்களின் எண்ணிக்கையாக) எடுத்துக்கொண்டு நல் தரும். எஸ்கியூஎல் சர்வரில் 1970 ஜனவரி 1 மீது டேட்ஆட் கொண்டு நொடிகளைக் கூட்டுவார்கள். 2022 பதிப்பு வரை இன்ட் வகைக்கு மேற்பட்ட எண்ணை அது ஏற்காததால், அந்தப் பதிப்புகளில் 86400ஆல் வகுத்து நாட்களையும் மீதி நொடிகளையும் தனித்தனியே கூட்ட வேண்டும். ஆரக்கிளில் டேட் மதிப்போடு எண்ணை 86400ஆல் வகுத்துக் கூட்டுவது பழைய வழி. கிடைப்பது யூடிசி நேரம் என்பதை மறக்கக் கூடாது. ஆரக்கிள் என் அன்றாட வேலையில் இல்லை, ஆகவே அதைப் பற்றி இதற்கு மேல் ஆலோசனை சொல்ல நான் ஏற்ற ஆள் அல்ல.

கடைசியாக, நெடுவரிசையையே மாற்றலாமா என்ற உங்கள் கேள்வி. மாற்றலாம், மாற்றுவது நல்லது என்பதே என் கருத்து. பிக்இன்ட், டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன் இரண்டுமே எட்டு பைட் என்பதால் டேபிள் பெருக்காது. எண்ணாக வைத்திருப்பதில் வேகம் அதிகம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இரண்டும் உள்ளே எண்கள்தான். நேர வகையாக இருந்தால், தவறான அலகில் வரும் மதிப்பைத் தடுக்க ஒரு செக் நிபந்தனை எழுதுவது எளிது, குவெரியைப் படிப்பவருக்கும் கண்ணுக்குத் தெரியும். வித்தவுட் டைம் சோன் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு நிகழ்வு நடந்த கணத்தைச் சேமிக்க அது ஏற்ற வகை அல்ல. பாடவேளை, கடை திறக்கும் நேரம் போன்ற, ஊர்க் கடிகாரத்தையே குறிக்கும் விஷயங்களுக்கு அது பொருந்தும்.

டேபிள் சிறியது என்றால் ஆல்டர் டேபிள் கட்டளையில் வகையை மாற்றி, யூசிங் டு_டைம்ஸ்டாம்ப்(நெடுவரிசை) என்று சேர்த்துவிட்டால் ஒரே அடியில் முடிந்துவிடும். நெடுவரிசைக்கு டிஃபால்ட் மதிப்பு இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு, மாற்றிய பிறகு நவ்() என்று புதிதாக வையுங்கள். இந்தக் கட்டளை டேபிள் முழுவதையும் புதிதாக எழுதி இண்டெக்ஸ்களையும் மறுபடி கட்டும். அது முடியும் வரை அந்த டேபிளை யாராலும் படிக்கக்கூட முடியாது. பல கோடி வரிசைகள் உள்ள டேபிளில் பகல் நேரத்தில் இதை ஓட்டினால் கடையை இழுத்து மூடியதற்குச் சமம். பெரிய டேபிளுக்கு, காலியான புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து, புதிதாக வரும் வரிசைகளுக்கு ட்ரிக்கர் (தானாக இயங்கும் நிரல்) வைத்து இரண்டையும் நிரப்பி, பழைய வரிசைகளைச் சில ஆயிரங்களாகப் பிரித்து மெல்ல மெல்ல நிரப்புவதே முறை. ஜெனரேட்டட் நெடுவரிசையாக (வேறு நெடுவரிசையிலிருந்து தானே கணக்கிடப்படுவது) சேமிக்கும் வழியும் 12ஆம் பதிப்பு முதல் இருக்கிறது, எண்ணைப் பெறும் டு_டைம்ஸ்டாம்ப் அதற்கு ஒத்துழைக்கும். ஆனால் சேர்க்கும்போது அதுவும் டேபிளை முழுதாக எழுதும் என்பதால் பெரிய டேபிளில் லாபமில்லை. எண்ணை எதிர்பார்க்கும் பழைய நிரல்கள் வெளியே இருந்தால், இப்போதைக்கு டேபிளைத் தொடாமல், டு_டைம்ஸ்டாம்ப் போட்ட ஒரு வியூவை (டேபிள் போலப் படிக்கக்கூடிய சேமித்த குவெரியை) மட்டும் உருவாக்கி, ரிப்போர்ட் எழுதுபவர்கள் அனைவரையும் அதற்கு மாற்றுங்கள்; 19800 கூட்டிய எல்லா இடங்களையும் தேடி எடுப்பதற்கு அது அவகாசம் தரும்.

டேபிளில் ஏறத்தாழ எத்தனை வரிசைகள், நெடுவரிசையின் சிறிய, பெரிய மதிப்புகள் என்ன, போஸ்ட்கிரஸ் எந்தப் பதிப்பு என்பதை எழுதினால், இந்த வழிகளில் உங்களுக்கு ஏற்றது எது என்று திட்டமாகச் சொல்ல முடியும்.